இணையதளத்தின் வருகைப் பதிவேடு

காலையில் முதல் மணி அடித்து இறைவணக்கம் முடிந்ததும் வகுப்பாசிரியை கையில் எடுப்பது வருகைப் பதிவேடு. நாற்பது பெயர்கள் அதில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே வந்தவர் யார் என்பதோடு, வராதவர் யார் என்பதும் அதில் உடனே தெரிந்துவிடுகிறது. மூன்று நாள் தொடர்ந்து ஒரு மாணவி வரவில்லையென்றால், வீட்டில் என்ன என்று விசாரிக்க ஆசிரியை முனைகிறார். பதிவேட்டின் உண்மையான பயன் இதுவே.

இணையதளங்களுக்கும் இத்தகைய பதிவேடு ஒன்று உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரு தளத்துக்கு யார் வந்தார், எப்போது வந்தார், எந்தப் பக்கத்தைக் கேட்டார், அது எத்தனை நொடியில் கிடைத்தது, எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனார் என்பதெல்லாம் அதில் பதிவாகின்றன. ஆனால் நம் வகுப்புப் பதிவேட்டுக்கும் அதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அதில் பெயர்கள் முன்கூட்டியே எழுதப்படவில்லை. வந்தவருக்குத்தான் வரி உண்டு. வாசலை அடைய முடியாமல் திரும்பியவருக்கு அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். பன்னிரண்டாம் வகுப்பின் தேர்வு முடிவை இன்று இணையதளத்தில் பார்க்கிறோம். பொறியியல் கல்லூரிக் கலந்தாய்வு 2018-ஆம் ஆண்டு முதல் இணையவழியில் நடைபெறுகிறது. அரசு கலைக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பம் இணையத்தில்தான். ஊருக்குப் போக இரயில் டிக்கெட்டும் பெரும்பாலும் அங்கேதான் எடுக்கிறோம். ஒரு பெண்ணின் மேற்படிப்பு ஒரு தளத்தின் வாசலில் நிற்கிறது என்றால் மிகையாகாது. அந்த வாசல் சரியாகத் திறக்கிறதா என்று காவல் இருந்து பார்ப்பது எப்படி? வருகிறவர்களின் போக்கை அறிவது எப்படி? அப்படி அறிவதில் எல்லை எது? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பதிவேட்டில் எழுதப்படுவது என்ன?

ஜெனிவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர், தாம் உருவாக்கிய இணையதளத்தை 1991-இல் உலகுக்கு அறிவித்தார். அன்றுமுதல் இன்றுவரை அடிப்படை ஒன்றே. நம் செல்போன் ஒரு பக்கத்தைக் கேட்கிறது. எங்கோ இருக்கும் சர்வர் என்னும் கம்ப்யூட்டர் அதைக் கொடுக்கிறது. ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் சர்வர் தன் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. கேட்ட கருவியின் இணைய முகவரி, தேதி, மணி, நிமிடம், நொடி, கேட்ட பக்கத்தின் பெயர், கொடுத்த பதிலின் எண் ஆகியவை அந்த வரியில் இருக்கும்.

பதிலின் எண் என்பது ஒரு சுருக்கக் குறி. 200 என்றால் கேட்டது கிடைத்தது. 404 என்றால் அப்படியொரு பக்கம் இங்கில்லை. 500 என்றால் சர்வருக்குள்ளேயே ஏதோ பழுது. 503 என்றால் இப்போது இயலாது, பிறகு வருக என்று பொருள். தேர்வு முடிவு நாளில் நம் செல்போன் திரையில் தோன்றி நெஞ்சைப் படபடக்க வைக்கும் 503 இதுதான்.

நாளொன்றுக்கு இலட்சக்கணக்கில் சேரும் இவ்வரிகளை மனிதர் உட்கார்ந்து படிக்க இயலாது. 1995-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் டர்னர் 'அனலாக்' என்னும் மென்பொருளை எழுதினார். அது குறிப்பேட்டைப் படித்து, எந்த மணியில் கூட்டம், எந்தப் பக்கத்துக்கு மவுசு என்று பட்டியலிட்டுக் கொடுத்தது. அத்தகைய வேறொரு மென்பொருளான 'அர்ச்சின்' என்பதன் நிறுவனத்தைக் கூகுள் 2005-இல் விலைக்கு வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் 'கூகுள் அனலிடிக்ஸ்' என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது. சிறு கடை முதல் பெரிய செய்தித்தாள் வரை எண்ணற்ற தளங்களில் அது இன்று கணக்கெழுதி வருகிறது.

இராயபுரத்திலிருந்து தட்கல் வரை

நமக்கு அண்மையிலுள்ள ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நம் இராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அன்று டிக்கெட் வாங்க வந்தவர்களை நிலைய அதிகாரி கண்ணால் பார்த்தார். வரிசை நீண்டால் அவருக்குத் தெரியும். யாரேனும் இடித்துக்கொண்டு முன்னே போனாலும் தெரியும்.

இன்று அந்த வரிசை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது. ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் 2002-இல் இணையதளத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. தொடக்கத்தில் தளத்தில் பணம் கட்டினால் அச்சிட்ட டிக்கெட் கூரியரில் வீடு வந்து சேரும். பின்னர் டிக்கெட்டே மின்வடிவம் ஆயிற்று. கூட்டம் பெருகப் பெருகத் தளம் திணறியது. 2014 ஏப்ரலில் புதிய அமைப்பு ஒன்று நடைமுறைக்கு வந்தது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த ஆற்றல் 7,200 ஆக உயர்ந்தது. 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. அதுவரை கண்டிராத உச்சம் அது. நொடிக்கு 530-க்கு மேல் வருகிறது. டிக்கெட்டுக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டாலும், நம் பெரம்பூரில் கட்டப்பட்ட 72 படுக்கை கொண்ட பழைய வகை ஸ்லீப்பர் பெட்டிகள் ஏழு ஒரே நொடியில் நிரம்பும் வேகம்!

இத்தனை இருந்தும், கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் போகத் தட்கல் டிக்கெட் தேடும் குடும்பங்களின் மனக்குறை தீரவில்லை. குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தட்கல் திறக்கிறது. சில நிமிடங்களில் முடிந்தும்விடுகிறது. தளத்தின் ஆற்றல் குறைவே காரணம் என்றுதான் எல்லோரும் எண்ணினர். ஆனால் வருகையாளர்களின் போக்கை ஆராய்ந்தபோது வேறொரு செய்தியும் வெளிவந்தது. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில், உள்நுழைய முயல்வோரில் பாதி வரை மனிதர்களே அல்லர் என்று இரயில்வே 2025 ஜூனில் அறிவித்தது. அவை 'பாட்' எனப்படும் தானியங்கி மென்பொருள்கள். பயணியின் பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிரப்பிவிடுபவை. பட்டன்களைத் தடவித் தடவித் தட்டச்சு செய்யும் ஒரு தந்தை அவற்றோடு எப்படிப் போட்டியிடுவார்?

மனிதனையும் இயந்திரத்தையும் எப்படிப் பிரித்தறிவது? நடத்தையால்தான். மனிதன் தயங்குவான், பிழை செய்து திருத்துவான், ஒரே கணக்கில் நூறு இடத்திலிருந்து நுழைய மாட்டான். இத்தகைய அடையாளங்களைக் கொண்டும், ஒருமுறை பயன்படுத்தி வீசும் மின்னஞ்சல் முகவரிகளைக் கொண்டும் ஐயத்துக்குரிய 2.5 கோடிப் பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன. 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்றும், முதல் அரைமணி நேரம் ஏஜெண்டுகள் எடுக்கக் கூடாது என்றும் விதி வந்தது. கண்ணுக்குத் தெரியாத வரிசையில் இடித்துக்கொண்டு முன்னே போனவர்களைக் காட்டிக் கொடுத்தது பதிவேடே.

வரிசையின் கணக்கு

தளம் ஏன் திடீரென்று திணறுகிறது? இதற்கு விடை கண்டவர் இணையம் பிறப்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய கணித அறிஞர் ஆக்னர் எர்லாங், எத்தனை பேர் பேச விரும்பினால் எத்தனை இணைப்புகள் வேண்டும் என்று ஆராய்ந்து 1909-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வரிசைக் கோட்பாடு என்னும் துறை அதிலிருந்து வளர்ந்தது.

அதில் ஓர் எளிய கணக்கு இதோ. ஒரு கவுன்ட்டரில் ஓர் ஆளுக்குச் சராசரியாக 1 நிமிடம் ஆகிறது. மக்கள் முன்னறிவிப்பின்றி வருகிறார்கள். கவுன்ட்டருக்குப் பாதி நேரம்தான் வேலை இருக்கிறது என்றால், ஒருவர் வந்து நின்று வேலை முடிந்து போகச் சராசரியாக 2 நிமிடம் ஆகும். நூற்றுக்கு 80 பங்கு நேரம் வேலை என்றால் 5 நிமிடம். 90 பங்கு என்றால் 10 நிமிடம். 95 பங்கு என்றால் 20 நிமிடம்! கூட்டம் கொஞ்சம் கூடினால் காத்திருப்பும் கொஞ்சம்தான் கூடும் என்று நினைப்பது தவறு. நிறைவை நெருங்க நெருங்க அது பாய்ந்து ஏறுகிறது.

இதை நம் பகுதியில் யாரும் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்பதைக் கண்டவர்கள் நாம். வாசலில் ஒரு லாரிக்குச் சோதனை சிறிது நேரம் கூடினாலும் போதும். அன்று மாலைக்குள் வரிசையின் வால் எங்கோ போய் நிற்கும். நெரிசலின் காரணம் வாலில் இல்லை, வாசலில் இருக்கிறது.

அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த இன்னொரு விதியும் உண்டு. உள்ளே நிற்பவர்களின் எண்ணிக்கை, வருகையின் வேகத்தை ஒருவர் உள்ளே இருக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும் என்பதே அது. ஒரு தளத்துக்கு நொடிக்கு 100 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் 2 நொடி ஆகிறது என்றால், எந்தக் கணத்திலும் உள்ளே 200 பேர் இருப்பார்கள். வேலை 3 நொடியாக நீண்டுவிட்டால், ஒருவர்கூட அதிகமாக வராமலேயே 300 பேருக்கு இடம் வேண்டும். இடமில்லாதவர்கள் காத்து நிற்பார்கள். பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் பட்டனை அழுத்துவார்கள். ஒவ்வோர் அழுத்தமும் வரிசையில் புதிதாக நிற்கும் ஓர் ஆள். பழைய ஆளும் அங்கேதான் நிற்கிறார். தளம் விழுவது இப்படித்தான்.

ஆகவே அறிவுள்ள காவலர் தளம் விழுந்தபின் ஓடி வருவதில்லை. வேகம் 2 நொடியிலிருந்து 3 நொடிக்குப் போகும்போதே கவனிக்கிறார். ஆற்றலில் 70 பங்கு நிரம்பும்போதே எச்சரிக்கை மணி அடிக்குமாறு அமைத்துவைக்கிறார்.

சராசரி என்னும் திரை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் சமையலறை அறிவு. ஒரே உலையில் ஒரே தீயில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். இணையதளத்துக்குப் பொருந்தாது. ஏனெனில் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே உலையில் இல்லை.

பத்து மாணவியர் ஒரு தளத்தைத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேருக்கு 2 நொடியில் வந்துவிட்டது. எர்ணாவூரில் அண்ணனின் பழைய செல்போனில் பார்க்கும் பத்தாமவளுக்கு 42 நொடி ஆயிற்று. கூட்டினால் 60, சராசரி 6 நொடி. இந்த 6 நொடி யாருடைய அனுபவம்? ஒருவருடையதும் அன்று. ஒன்பது பேருக்கு அது மிகை. ஒருத்திக்கு அது பொய். சராசரியை மட்டும் பார்க்கும் அதிகாரி, பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். பத்தாமவள் விண்ணப்பிக்காமலே போவாள்.

மனிதர் எவ்வளவு நேரம் பொறுப்பர் என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததுபோல் தோன்றும்; ஒரு நொடிவரை எண்ண ஓட்டம் தடைபடாது; பத்து நொடிக்கு மேல் கவனம் வேறெங்கோ போய்விடும் என்று ஜேக்கப் நீல்சன் 1993-இல் எழுதினார். கணிப்பொறி வேகம் எத்தனையோ மடங்கு பெருகியும் மனித மனத்தின் இந்த அளவு மாறவில்லை.

இதனால்தான் இன்று வல்லுநர்கள் சராசரியை விட்டு, வருகையாளர்களை வேகத்தின்படி வரிசைப்படுத்திப் பார்க்கிறார்கள். ஒரு பக்கத்தின் முக்கியப் பகுதி நூறு வருகைகளில் 75-க்கேனும் இரண்டரை நொடிக்குள் தோன்ற வேண்டும் என்று கூகுள் 2020-இல் ஓர் அளவுகோல் வகுத்தது. நல்ல அளவுகோல்தான். ஆனால் மீதி 25 பேர் யார் என்று கேட்பவரே நல்ல காவலர். அவர்கள் ஆங்காங்கே சிதறிக் கிடப்பவர்களா, அல்லது ஒரே ஊரில், ஒரே வகை மலிவு செல்போனில், ஒரே மொழியில் படிப்பவர்களா என்று பார்க்க வேண்டும். பின்னது உண்மையானால் அது வெறும் தாமதம் அன்று, அநீதி.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

கொரோனாக் காலத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 18 முதல் 44 வயதினர் தடுப்பூசிக்கு முன்பதிவு செய்ய 'கோவின்' தளம் 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்குத் திறந்தது. உச்சநேரத்தில் நிமிடத்துக்கு 27 இலட்சம் கோரிக்கைகள் வந்தன. அன்று ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். தளம் திறக்கவில்லை, ஓ.டி.பி. வரவில்லை என்று நாடெங்கும் புகார் எழுந்தது. தளம் விழவேயில்லை, அச்செய்தி ஆதாரமற்றது என்று மறுநாள் அரசு மறுத்தது. பதிவானவர்களின் எண்ணிக்கையைச் சான்றாகக் காட்டியது.

இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு கோடிப் பேர் உள்ளே போனது உண்மை. வாசலில் நின்றவர்கள் திரும்பியதும் உண்மையாக இருக்கலாம். ஓ.டி.பி. என்பது தளத்தை விட்டுக் கிளம்பி, செல்போன் நிறுவனத்தின் வழியே நடந்து நம் கைக்கு வருகிறது. அது வழியில் தாமதித்தால் தளத்தின் குறிப்பேட்டில் 'அனுப்பப்பட்டது' என்றே இருக்கும். நம் கையிலோ ஒன்றும் இராது. உள்ளிருந்து பார்த்தால் விளக்கு எரிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கதவு திறக்கவில்லை.

இதற்கு மருந்து, வெளியே நின்று பார்ப்பது. பல ஊர்களில் கம்ப்யூட்டர்களை வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சாதாரணப் பயனர்போலவே தளத்தைத் தட்டிப் பார்க்கச் செய்கிறார்கள். வருகையாளரின் செல்போனிலேயே நேரத்தை அளந்து அனுப்பும் சிறு நிரலையும் பக்கத்தில் வைக்கிறார்கள். இவற்றோடு மூன்றாவது ஒன்றும் உண்டு. வந்திருக்க வேண்டியவர்களின் எண்ணிக்கையை முன்பே தெரிந்துவைத்திருப்பது அது. ஒரு மாவட்டத்தில் தேர்ச்சி பெற்ற மாணவியர் இத்தனை பேர் என்பது தெரியும். விண்ணப்பித்தவர் இத்தனை பேர் என்பதும் தெரியும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் நம் வகுப்பாசிரியை தேடும் 'வராதவர்' பட்டியல். அதை எந்தக் குறிப்பேடும் தானாகச் சொல்லாது. மனிதர் கேட்டால்தான் தெரியும்.

வருகிறவர் மனத்தை அறிவது

நிற்க. வந்தவர்களின் காலடித் தடத்தைக் கொண்டு என்ன அறியலாம்? கற்பனையாக ஒரு கல்லூரி விண்ணப்பத் தளத்தை எடுத்துக்கொள்வோம். 100 பேர் முதல் பக்கத்தைத் திறந்தனர். 92 பேர் பெயரும் முகவரியும் நிரப்பினர். 88 பேர் மதிப்பெண் எழுதினர். புகைப்படம் ஏற்றும் பக்கத்தைத் தாண்டியவர்கள் 41 பேர்தான். மாணவியருக்கு ஆர்வமில்லை என்று இதற்குப் பொருளா? ஆர்வமில்லாதவள் மூன்று பக்கம் நிரப்பியிருப்பாளா? சிக்கல் புகைப்படத்தில் இருக்கிறது. படத்தின் அளவு 50 கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்று விதித்திருப்பார்கள். செல்போனில் எடுத்த படம் அதைப்போல் பல மடங்கு இருக்கும். படத்தைத் தளமே சுருக்கிக்கொள்ளுமாறு ஒரு மாற்றம் செய்தால் போதும். குறை மாணவியிடம் இல்லை, படிவத்தில் இருக்கிறது என்று காட்டுவதே இந்த ஆராய்ச்சியின் சிறப்பு.

ஆனால் தடத்தைப் படிப்பதில் எச்சரிக்கை வேண்டும். ஒரு பக்கத்தில் பத்து நிமிடம் ஒருத்தி இருந்தாள் என்றால் ஆழ்ந்து படித்தாள் என்று கொள்ளலாமா? தண்ணீர் லாரி வந்தது என்று குடத்தை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஐந்து நொடியில் போய்விட்டாள் என்றால் பிடிக்கவில்லை என்பதா? தேடிய தொலைபேசி எண் கிடைத்த மகிழ்ச்சியில் போயிருக்கலாம். காசிமேட்டில் ஒரே செல்போனை அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நால்வர் பயன்படுத்தினால், பதிவேடு அவர்களை ஒருவர் என்றே எண்ணும். பள்ளிக் கம்ப்யூட்டரிலும் வீட்டுச் செல்போனிலும் பார்க்கும் ஒருத்தியை இருவர் என்று எண்ணும். எண் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்காத கேள்விக்கு அது விடையும் சொல்வதில்லை. ஆகவே எண்ணைப் பார்த்தபின் நாலு பேரை நேரில் கேட்பதும் வேண்டும்.

எண்ணுவது வேறு, பின்தொடர்வது வேறு

இனி மிக முக்கியமான ஒன்று. கடைக்கு இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று கடைக்காரர் எண்ணலாம். ஆனால் கடையை விட்டுப் போகும் பெண்ணின் பின்னாலேயே ஆள் அனுப்பி, அடுத்து எந்தக் கடைக்குப் போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று எழுதி வரச் சொன்னால் நாம் பொறுப்போமா? இணையத்தில் அது சத்தமில்லாமல் நடக்கிறது.

1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி 'குக்கி' என்னும் சிறு குறிப்புச் சீட்டை உருவாக்கினார். நம் கருவியில் தளம் விட்டுச்செல்லும் அடையாளச் சீட்டு அது. கடைத் தளத்தில் கூடையில் போட்ட பொருள் மறந்துபோகாதிருக்கவே அது வந்தது. ஆனால் ஒரே விளம்பர நிறுவனம் ஆயிரம் தளங்களில் தன் சீட்டைப் படிக்கத் தொடங்கியதும், நாம் எங்கெங்கே போகிறோம் என்னும் முழுப் படமும் அதன் கைக்குப் போயிற்று.

இதற்கு எல்லை வகுக்க இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதன்பின் 18 மாதங்களில் நடைமுறைக்கு வருமாறு கால அவகாசம் தரப்பட்டது. மாணவியர் அறிய வேண்டிய பிரிவு ஒன்று அதில் உண்டு. 18 வயது நிறையாதவரின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்வதும், நடத்தையைக் கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. கல்வி நிறுவனங்கள் போன்ற சிலவற்றுக்குக் குறிப்பிட்ட நோக்கங்களுக்கு மட்டும் விலக்கு தரப்பட்டுள்ளது.

பின்தொடராமல் எண்ண முடியாதா? முடியும். 'மடோமோ' போன்ற மென்பொருள்களைத் தளத்தின் சொந்தச் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். கணக்கு வெளியே போகாது. இணைய முகவரியின் கடைசி எண்களை அழித்துவிட்டுப் பதியலாம். எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் திரும்பினர் என்று அறிய, திரும்பியவரின் பெயர் எதற்கு? வாசற்படி உயரமாக இருக்கிறது என்று தெரிந்தால் போதும்; தடுக்கி விழுந்தவள் யார் வீட்டுப் பெண் என்று தெரிய வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை

சுருங்கக் கூறின், ஒரு தளத்தைக் காப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கடைசியில் நிற்பவருக்கு எத்தனை நொடி ஆயிற்று? வந்திருக்க வேண்டியவர்களில் வராதவர் யார்? நான் எண்ணியதில் எனக்குத் தேவையற்றது எது?

மாணவியருக்கும் பெற்றோருக்கும் சில சொற்கள். தேர்வு முடிவு நாளிலோ தட்கல் நேரத்திலோ தளம் திணறினால் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். அது உங்கள் வரிசையையே நீட்டும். விண்ணப்பத்தைக் கடைசி நாளின் கடைசி மணிக்கு விட்டுவைக்காதீர்கள். நிறைவை நெருங்கும் வரிசையின் கணக்கை மேலே கண்டோம். ஆதாரில் இணைத்த செல்போன் எண் இப்போதும் உங்கள் கையில் உள்ளதா என்று இன்றே பாருங்கள், இல்லையென்றால் ஓ.டி.பி. யாருக்கோ போகும். தளம் திறக்கவில்லையென்றால் தேதி, மணி, திரையில் கண்ட எண், இருந்த இடம் ஆகிய நான்கையும் குறித்துப் புகார் செய்யுங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் யாராலும் தேட முடியாது. காலை 10 மணி 2 நிமிடத்துக்கு 503 வந்தது என்று எழுதினால் குறிப்பேட்டில் அந்த வரியையே தேடி எடுக்கலாம். குக்கிக்கு இசைவு கேட்கும் கட்டம் தோன்றினால், படிக்காமல் 'சரி' என்று தொடாதீர்கள். மறுக்கும் வழியும் அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள்.

கம்ப்யூட்டர் படிப்பை நாடிச் செல்லும் மாணவியர் நம்மிடையே ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். நாளை ஒரு பெரிய தளத்தின் பொறுப்பு உங்களில் ஒருவர் கைக்கு வரலாம். குளிரூட்டிய அறையில், வேகமான இணைப்பில், புதிய கம்ப்யூட்டரில் அது ஒரு நொடியில் திறக்கும். அதோடு திருப்தியடைந்துவிடாதீர்கள். கடைத்தெருவில் கிடைக்கும் மிக மலிவான செல்போன் ஒன்றை வாங்குங்கள். திருவொற்றியூரில் மாலை நேரக் கூட்டத்தில் பஸ்ஸுக்கு நின்றபடி உங்கள் தளத்தைத் திறந்து, தமிழில் ஒரு விண்ணப்பத்தை முதலிலிருந்து முடிவுவரை நிரப்பிப் பாருங்கள். அங்கே எத்தனை நொடி ஆகிறதோ, அதுவே உங்கள் தளத்தின் உண்மையான வேகம்.